தூத்துக்குடியில் ஒரு மாலையும் ஒரு பகலும்: போகலாமா?

மாம்பலத்தான்:
வணக்கம். ஜூலை கடைசி வாரம் திருநெல்வேலியில் உறவினர் வீட்டுத் திருமணம். முகூர்த்தம் முடிந்த கையோடு தூத்துக்குடிக்குப் போய் ஓர் இரவு தங்கி, மறுநாள் முத்துநகர் எக்ஸ்பிரஸில் சென்னை திரும்பலாம் என்று இருக்கிறேன். கூட மனைவியும் ஆறாம் வகுப்புப் படிக்கும் மகனும் வருகிறார்கள். அலுவலகத்தில் கேட்டால், "துறைமுகத்தையும் உப்பையும் விட்டால் அங்கே என்ன இருக்கிறது? பேசாமல் திருச்செந்தூர் போய்விடுங்கள்" என்கிறார்கள். மகனோ முத்துக்குளிப்பதைப் பார்க்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். ஊரை அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

உப்பாற்று ஓடை:
உங்கள் அலுவலக நண்பர்கள் சொன்னது சரிதான் ஐயா. துறைமுகமும் உப்பும்தான் இருக்கின்றன. அவற்றைப் பார்க்கத்தான் வரச் சொல்கிறேன்.

முதலில் தங்குமிடம். ஜூலை 26 பனிமய மாதா பேராலயத்தில் கொடியேற்றம். ஆகஸ்ட் 5 வரை திருவிழா. அந்த நாட்களில் கடைசி நேரத்தில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு, இன்றே பதிவு செய்துவிடுங்கள். நெரிசல் ஆகாது என்றால் கொடியேறுவதற்கு முன் வந்துபோகலாம். என்னைக் கேட்டால் திருவிழாவோடு வருவதே மேல். ஜெபமாலை உருட்டத் தெரியாத வீட்டுப் பெண்களும் மெழுகுவத்தியோடு வரிசையில் நிற்பார்கள். ஊருக்கே அவள் மாதா.

முத்து விஷயத்தை மகனிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். இந்தக் கடலில் பெரிய அளவில் முத்துக்குளித்தது 1961-ஆம் ஆண்டோடு முடிந்துவிட்டது. ஊர்ப் பெயரைச் சொல்லிக் கடைகளில் காட்டுவதெல்லாம் வேறெங்கோ வளர்த்தெடுத்த முத்து. பிடித்திருந்தால் வாங்குங்கள், தூத்துக்குடி முத்து என்று நம்பி வாங்காதீர்கள். ஆனால் சங்குகுளி இருக்கிறது. தெரேஸ்புரம் பக்கம் போய் விசாரித்தால் சங்கு எடுக்க மூழ்குகிறவர்களிடமே பேசலாம். இங்கே எடுக்கும் சங்குதான் வங்காளத்துப் பெண்களின் கையில் வளையலாக ஏறுகிறது. பையன் கேள்வி கேட்கிறவனாக இருந்தால் அவனுக்கு அதுவே போதும்.

இனி உப்பு. விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுங்கள். ஊரை விட்டு வெளியே வந்ததும் சாலையோரமாகப் பாத்திகள் விரியும். வடகிழக்கு மழை இறங்கும்வரை வேலை நடக்கும், ஆகையால் ஜூலையில் வெள்ளைக் குவியல்களுக்குக் குறைவிருக்காது. கேட்டுக்கொண்டு வரப்பில் இறங்கிக் குனிந்து பாருங்கள். வெயிலில் வற்றி உப்பு முற்றிய நீரின்மேல் பாலாடை மாதிரி மெல்லிய ஏடு படிந்திருக்கும். விரலால் தொட்டால் உடைந்து, சின்னச் சின்னச் சதுரங்களாக அடியில் போய்விடும். அப்படிச் சேர்ந்ததைத்தான் பெண்களும் ஆண்களும் வாரிக் கரையேற்றுகிறார்கள். வெயில் ஏற ஏற அந்த வெள்ளையிலிருந்து திரும்பி வரும் ஒளி கண்ணைப் பிடுங்கும். ஒன்பது மணிக்கு மேல் உங்களால் நிற்க முடியாது, அவர்கள் நிற்கிறார்கள். படம் எடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

துறைமுகத்துக்குள் நினைத்த மாதிரி நுழைய முடியாது. பழைய துறைமுகத்துத் தோணிகளைக் கடற்கரைச் சாலையிலிருந்து பார்த்துக்கொள்ளலாம். மரத்தால் செய்த சரக்குத் தோணிகள் அவை. மாலத்தீவுக்குக் காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிப் போகும். தென்மேற்குக் காற்று மூர்க்கமாக வீசும் மாதங்களில் ஓடுவதில்லை என்பதால் நீங்கள் வரும்போது கரையை ஒட்டிக் கட்டிக்கிடக்கும். வ.உ.சி. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, வெள்ளைக்காரனுக்குப் போட்டியாகக் கொழும்புக்குக் கப்பல் விட்டது இந்தக் கரையிலிருந்துதான். அதையும் அங்கேயே வைத்து மகனுக்குச் சொல்லுங்கள்.

இரவு மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் போங்கள். விடியற்காலை புறப்பட்ட விசைப்படகுகள் இரவுதான் திரும்பும், உடனே ஏலம். ஜூன் 14-உடன் மீன்பிடித் தடைக்காலம் முடிந்துவிடுவதால் மீன் இருக்கும். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் வேண்டாம், படகு போகாது.

காட்டன் ரோட்டுக்காரி:
அண்ணாச்சி சொன்னதில் ஏலத்தை மட்டும் நான் ஒப்பமாட்டேன். கல்யாண வீட்டு அலைச்சலோடு வருகிற பிள்ளையை ராத்திரி மீன் தண்ணீரில் வழுக்கவிட்டு என்ன காட்டப்போகிறீர்கள்? அவன் கேட்பது பரோட்டாவாக இருக்கும். மாலையில் போட ஆரம்பிக்கும் பரோட்டாக் கடைகளை இங்கே 'நைட் கிளப்' என்போம். சென்னையில் போய் அப்படியே சொல்லிவிடாதீர்கள்.

இன்னொன்று, ஆடிக் காற்று. மண்ணை வாரிக் கண்ணில் போடும். பையனுக்குத் தொப்பியை விடக் கண்ணாடி முக்கியம். கடற்கரையில் பெரிய அலை இருக்காது என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் மெரினாவை நினைத்து வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான்.

மாம்பலத்தான்:
இருவருக்கும் நன்றி. திருச்செந்தூரை அடுத்த முறைக்கு வைத்துக்கொண்டோம். அலை இல்லாததற்கு எதிரே உள்ள தீவுகள்தான் காரணமா? படகில் போய்ப் பார்க்க முடியுமா? வீட்டில் மக்ரூன் வாங்கி வரவும் உத்தரவு.

உப்பாற்று ஓடை:
தீவுகளும் பவளப்பாறைகளும் அலையை முன்னாலேயே உடைத்துவிடுகின்றன. மன்னார் வளைகுடாவில் இருக்கும் 21 தீவுகளும் தேசியப் பூங்கா, நம் இஷ்டத்துக்கு இறங்க முடியாது. 21 என்பதும் பழைய கணக்கு. எங்கள் பக்கத்து விலாங்குசல்லித் தீவு கடலுக்குள் போய்விட்டது. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி வெட்டிக் கரைக்கு ஏற்றியதன் பலன். இங்கே பழைய சுவர்களைப் பார்த்தால் எனக்கு அந்த நினைப்புதான் வரும்.

மக்ரூனைக் கிளம்புகிற அன்று வாங்குங்கள். முந்திரி, சர்க்கரை, முட்டை வெள்ளைக்கரு, இவ்வளவுதான். முட்டை சேராதவர்கள் வீட்டில் இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். வாயில் போட்டதும் கரைய வேண்டும், பல்லில் ஒட்டினால் பழசு. கடற்காற்றில் சீக்கிரம் நமுத்துவிடும், காற்றுப் புகாத டப்பா ஒன்று வீட்டிலிருந்தே எடுத்து வாருங்கள். ரயிலில் பிரிக்காதீர்கள், மாம்பலம் வரை மிஞ்சாது.