ஹெதர் மேடுகளில் பறவை பார்க்க ஒரு நாள்: ஆலோசனை தேவை

வணக்கம் நண்பர்களே. வடக்கு இங்கிலாந்தில் ஹெதர் புதர் படர்ந்த மேட்டு நிலங்களில், வழிகாட்டியோடு ஒரு முழு நாள் பறவை பார்க்க அம்மாவும் நானும் போகப்போகிறோம். ஏற்கெனவே போனவர்கள் உதவ வேண்டும்.

முதல் குழப்பம் மாதம். ஆண் ஹென் ஹேரியர் (ஒரு வகைப் பருந்து) வானத்தில் குட்டிக்கரணம் போட்டு இணையைக் கவர்வது வசந்தத்தில்தான். கர்லியூ, கோல்டன் ப்ளோவர் ஆகிய கரைப்பறவைகள் மேடேறிக் கூடு கட்டுவதும் அப்போதே. ஆகஸ்டில் ஹெதர் பூத்து மலையே ஊதாவாகிவிடும், உண்மைதான். ஆனால் அதற்குள் கர்லியூக்கள் பெரும்பாலும் கடற்கரைக்கு இறங்கிவிடும், 12ஆம் தேதி கிரவுஸ் (காட்டுக்கோழி போன்ற பறவை) வேட்டையும் தொடங்கிவிடும். எனக்கு ஏப்ரல் கடைசி அல்லது மே என்றுதான் படுகிறது. சரியா?

அம்மாவுக்கு முழங்கால் வலி. சதுப்பில் நடக்க வைக்காமல், பாதையோரம் வண்டியை நிறுத்தி உள்ளிருந்தே காட்டும் வழிகாட்டிகள் உண்டா? டெலஸ்கோப் அவர்களே கொண்டு வருவார்களா?

இன்னொன்று, இதுதான் எனக்கு முக்கியம். இவையெல்லாம் தரையில் கூடு கட்டும் பறவைகள். படத்துக்காகக் கூட்டை நெருங்கும் ஆளோடு போக எங்களுக்கு மனமில்லை. முன்பதிவுக்கு முன்பே இதை எப்படி விசாரித்துத் தெரிந்துகொள்வது? அனுபவப்பட்டவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.