தளபதியின் சீருடையில் பதக்கங்களைக் குத்தி வைக்காதது ஏன்?

கேள்வி:
அண்மையில் ஓர் அருங்காட்சியகத்தில் முன்னாள் தளபதி ஒருவரின் கம்பளிச் சீருடையைப் பார்த்தேன். மார்பில், பதக்கங்களைக் குறிக்கும் வண்ண நாடாப் பட்டைகள் மட்டுமே இருந்தன. பதக்கங்கள் வேறொரு பேழையில் இருந்தன. அறை அரையிருட்டாக இருந்தது. வெள்ளிப் பதக்கம் ஒன்று விளிம்பெல்லாம் கறுத்திருந்தது. அதைத் துலக்கி, அவர் அணிந்தபடியே சீருடையில் குத்தி வைத்தால் என்ன? நாடாக்களின் வரிசைக்கு ஏதேனும் முறை உண்டா?

பதில் 1:
எனக்கும் அதே வருத்தம்தான். பல்பொடி தொட்டுத் தேய்த்தாலே வெள்ளி பளிச்சென்று ஆகிவிடும். அதைச் செய்யக்கூட அங்கே ஆளில்லை போலும்.

பதில் 2:
தயவுசெய்து எவரும் பல்பொடியைத் தொடாதீர்கள். ஒவ்வொரு முறை துலக்கும்போதும் மெல்லிய வெள்ளிப் படலம் ஒன்று தேய்ந்து போகிறது. பல பதக்கங்களின் விளிம்பில் பெற்றவரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை மயிரிழை ஆழத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். இந்தப் பதக்கம் இன்னாருடையது என்பதற்கு அந்த எழுத்துகளே சான்று, தேய்ப்பில் முதலில் மழுங்குவதும் அவையே. கருமையாவது மேற்பரப்போடு நிற்கும், அழிந்த எழுத்து திரும்பாது.

சீருடையையும் பதக்கத்தையும் பிரித்து வைப்பதற்குக் காரணம் கம்பளியே. கம்பளி இழையில் கந்தகம் உண்டு. மூடிய பேழைக்குள் அது மெல்ல வெளிவிடும் கந்தகச் சேர்மங்கள் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். பதக்கங்களின் எடையோ துணியைக் கீழிழுத்து, ஊசி குத்திய இடத்தைக் கிழித்துவிடும். ஆகவேதான் சில இடங்களில் சீருடையில் நகல்களைக் குத்திவிட்டு, அசலைத் தனியே காக்கிறார்கள். அரையிருட்டும் வேண்டுமென்றே செய்ததுதான்: துணிகளுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவே பொதுவாக ஏற்கப்பட்ட உச்ச வெளிச்சம், ஏனெனில் வெளுத்த சாயத்தை மீட்க வழியில்லை.

பதில் 3:
வரிசைக்கு முறை உண்டு. அது பெற்ற காலத்தின் வரிசை அன்று, விருதின் தகுதி வரிசை. மார்பின் நடுப்பக்கத்தில் உயர்ந்தது தொடங்கி, இடத் தோளை நோக்கிச் செல்லும். 1957 முதல் 1961 வரை இந்தியத் தரைப்படைத் தலைமைத் தளபதியாக இருந்த ஜெனரல் திம்மையாவை எடுத்துக்கொள்ளுங்கள்: இரண்டாம் உலகப் போரின் பர்மா களத்தில் பிரித்தானியரின் டி.எஸ்.ஓ. என்னும் படை அதிகாரிகளுக்கான விருதையும், 1954-இல் பத்ம பூஷணையும் பெற்றவர். விடுதலைக்குப் பின் இந்திய விருதுகளுக்கே முன்னிடம் என்பதால், பிந்திப் பெற்ற பத்ம பூஷண் முந்தி நிற்கும். தோளையும் பாருங்கள்: அசோகச் சிங்கம், ஒரு நட்சத்திரம், குறுக்காக வைத்த வாளும் கோலும் இருந்தால் முழு ஜெனரல், நட்சத்திரம் இல்லாவிட்டால் லெப்டினன்ட் ஜெனரல். சிங்கத்தின் இடத்தில் மகுடம் இருந்தால் அந்தச் சீருடை குடியரசுக்கு முந்தியது.

கேள்வி கேட்டவர்:
நன்றி ஐயா. அந்துப்பூச்சிக்கு நாப்தலின் உருண்டை போடலாமா?

பதில் 2:
வேண்டாம், அதன் ஆவி மனிதர் உடல்நலத்துக்குக் கேடு. சீருடையை நெகிழித் தாளில் காற்றுப் புகாமல் பொதிந்து உறைகுளிரில் வைப்பார்கள். மைனஸ் 30 பாகை செல்சியஸில் சில நாள்களிலேயே புழுவும் முட்டையும் மடிந்துவிடும். பொதியைப் பிரிக்கும் முன் அது அறை வெப்பத்துக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும்; இல்லாவிட்டால் ஈரம் பூத்து, பித்தளைப் பொத்தான்களைச் சுற்றிப் பச்சைக் கறை படரக்கூடும்.