மெசர்ஷ்மிட் 109 விமானத்துக்கு ஸ்பிட்ஃபயரை விட அகலக் கால், அப்புறம் ஏன் சுழன்றது?

செம்பனைத்தம்பி (சுங்கை பட்டாணி):
அண்ணன்மாரே, ரெண்டாம் உலகப்போர் ஜெர்மன் போர் விமானம் மெசர்ஷ்மிட் 109 தரையிறங்கும்போது சுழன்று கவிழ்ந்ததுக்குச் சக்கர இடைவெளி குறைவுதான் காரணம்னு எல்லாரும் எழுதுறாங்க. ஆனா அதுக்குச் சுமார் 2 மீட்டர், பிரிட்டிஷ் ஸ்பிட்ஃபயருக்குச் சுமார் 1.7 தானே? கணக்கு உதைக்குது.

பழைய ஃபிட்டர்:
இடைவெளியை விடுங்க தம்பி, சக்கரத்தோட சாய்மானத்தைப் பாருங்க. 109-க்குக் கால்கள் உடம்போட பூட்டியிருக்கும். இறக்கையைக் கழற்றினாலும் விமானம் தன் காலில் நிற்கும், மெக்கானிக்குக் கொண்டாட்டம். அந்த வசதிக்காகக் கால் வெளியே விரிஞ்சு, சக்கரத்தோட மேல்விளிம்பு உள்பக்கம் சாயுது. 20 சென் காசை மேசையில் உருட்டிப் பாருங்க, சாயுற பக்கமே வளையும். நேரா ஓடும்போது ரெண்டு சக்கரமும் ஒண்ணையொண்ணு சரிக்கட்டும். மூக்கு இடது பக்கம் திரும்பினா பாரம் வலது சக்கரத்துல இறங்கும், அதுவோ இன்னும் இடது பக்கமே தள்ளும். எடைமையம் வேற சக்கரத்துக்குப் பின்னால. குலை ஏத்தின டிரெய்லரை ரிவர்ஸ் எடுக்கிற மாதிரிதான்லா, மடங்க ஆரம்பிச்சா மடங்கிக்கிட்டே போகும். கடைசியில வெளிப்பக்கக் கால் உடைஞ்சு இறக்கை நுனி மண்ணுல.

லாலாங்காடு:
ஏறும்போது சிக்கல் வேற. விசிறி (ப்ரொப்பெல்லர்) ஓட்டுநர் பார்வையில் வலஞ்சுழி, மூக்கு இடது பக்கம் இழுக்கும். திராட்டிலை (எஞ்சின் விசையைக் கூட்டுற நெம்புகோல்) ஒரே தள்ளா தள்ளாம மெல்ல ஏத்தணும், வலது சுக்கான் பெடல் தயாரா இருக்கணும். வாலை அவசரப்பட்டுத் தூக்கினா கைரோ விளைவு (சுழலுற விசிறியைச் சாய்ச்சா மூக்கு பக்கவாட்டுல திரும்பும்) இடது இழுப்பைக் கூட்டிடும். பின்னாடி வந்த 109 ஜி வகைகளில் வால்சக்கரப் பூட்டு உண்டு: சில மீட்டர் நேரா உருட்டி, சக்கரம் நேரானதும் பூட்டணும். வேகம் போதாம இழுத்துத் தூக்கினா இடது இறக்கை விழும். அப்புறம் எய்லரான் (இறக்கையைச் சாய்க்கிற அசையும் தகடு) காப்பாத்தாது.

செம்பனைத்தம்பி:
பின்னாடி வந்த கிரிஃபன் எஞ்சின் ஸ்பிட்ஃபயரும் இடது பக்கம்தானா?

பழைய ஃபிட்டர்:
இல்ல, அது எதிர்ச்சுழற்சி, வலது பக்கம் இழுக்கும். முந்தைய மெர்லின் எஞ்சின் பழக்கத்துல வலது பெடலை மிதிச்சா ஓடுபாதையை விட்டே போயிடும். ஸ்பிட்ஃபயரோட சொந்த நோய் மூக்குப்பாரம்தான். பிரேக் காற்றழுத்தத்துல வேலை செய்யும், லீவர் கட்டுப்பாட்டுக் கைப்பிடியிலயே இருக்கு. பதறி இறுக்கிப் பிடிச்சா வால் தூக்கி, விசிறி தரையைக் கொத்தும்.