குளோரினேற்றத்தில் படுகை இறுகிப் போகிறது – கசடிலா, கரியிலா கோளாறு?

கேள்வி (தஞ்சாவூர்): டைட்டானியம் டெட்ராகுளோரைடு எடுக்கப் பார்க்கிறேன். மணவாளக்குறிச்சி இல்மனைட் (டைட்டானியமும் இரும்பும் சேர்ந்த கருமணல்) 1 கிலோ, சீமைக்கருவேலங்கரி 150 கிராம், கசடு (இரும்பு பிரிந்தபின் மிஞ்சும் டைட்டானியப் பகுதி) இளகி ஓட கிளிஞ்சல் சுண்ணாம்பு 30 கிராம். ஆர்க் உலையில் 1,680 டிகிரி. இரும்பு அடியில் நன்றாகவே பிரிகிறது. கசடை அரைத்து, பெட்ரோலியம் கோக் (எண்ணெய்ச் சுத்திகரிப்பில் மிஞ்சும் கரி) கலந்து, குவார்ட்ஸ் குழாயில் 950 டிகிரியில் குளோரின் விட்டால் 20 நிமிடத்தில் படுகை (வாயுவில் அலைய வேண்டிய அந்தத் தூள்) அசைவதே இல்லை. உள்ளே வெல்லப்பாகு உறைந்த மாதிரிக் கட்டி. குளோரினைக் கூட்டிப் பார்க்கலாமா?

பதில்: கூட்டாதீங்க தம்பி, குழாய் மூட்டு பிடுங்கிக்கும். கோளாறு சுண்ணாம்பில். டைட்டானியம் டெட்ராகுளோரைடு 136 டிகிரியிலேயே ஆவியாகிக் கிளம்பிவிடும். சுண்ணாம்பும் குளோரினும் சேர்ந்து உண்டாகும் கால்சியம் குளோரைடோ 772 டிகிரியில் உருகும், 950-இல் ஆவியாகாது. திரவமாகவே தங்கி மணிகளை ஒட்டவைக்கும். கசடில் கால்சியம் ஆக்சைடு 0.2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. உங்களுடையதில் 4-க்கு மேல் இருக்கும். எஃகு உலைப் பழக்கம் இங்கே உதவாது. கசடு ஓட இரும்பு ஆக்சைடை 8–10 சதவீதம் விட்டுவையுங்கள். கரியும் அதிகம்: கணக்குப்படி இரும்புக்கு மட்டும் 80 கிராம் கார்பன் போதும். மிஞ்சினால் டைட்டானியம் கார்பைடு உண்டாகிக் கசடு கூழாகிவிடும்.

கேட்டவர்: சுண்ணாம்பை விட்டாச்சு, கரி 120 கிராம். இப்போ 50 நிமிடம் ஓடுது, பிறகு அதே கட்டி.

இன்னொரு பதில்: மிச்சம் கரியில் இருக்கு. மரச்சாம்பலில் பெரும்பங்கு கால்சியம்தான். சாம்பல் 4 சதவீதம், அதில் பாதி சுண்ணாம்பு என்று வைத்தாலும் 120 கிராமில் 2.4 கிராம், 650 கிராம் கசடில் அது 0.37 சதவீதம். உலைக்கும் பெட்ரோலியம் கோக்கையே போடுங்கள். பழைய கசடை அமிலத்தில் கழுவி மீட்கலாம் என்று பார்க்காதீர்கள், சுண்ணாம்பு உள்ளே பூட்டிக் கிடக்கும்.

உறுதிப்படுத்த: கட்டியைத் தட்டில் திறந்து வையுங்கள். ஐப்பசி ஈரத்தில் சீக்கிரமே வியர்த்து நீர் கோக்கும். இரும்பு, மெக்னீசியம் குளோரைடும் வியர்க்கும் என்பதால், நீரில் கரைத்து, அம்மோனியா விட்டு இரும்பை வடிகட்டி, அம்மோனியம் ஆக்சலேட் சேருங்கள். வெள்ளையாகப் படிந்தால் கால்சியம்.

கேட்டவர்: வெள்ளையாத்தான் படிஞ்சுது அண்ணே. குளிர்விப்பான் வாயும் அடைக்குது, பழுப்பும் வெள்ளையுமா.

அதே பதிலாளர்: பழுப்பு ஃபெரிக் குளோரைடு. குளிர்விப்பானுக்கு முன்னால் 180–200 டிகிரியில் ஒரு அகன்ற கலம் வையுங்கள், அங்கேயே தூளாக உதிரும். வெள்ளை, ஈரம் பட்டு உண்டான டைட்டானியம் டைஆக்சைடு. குழாய்க்குள் போகும் வாயுக்களை முதலில் அடர் கந்தக அமிலம் வழியே விட்டு உலர்த்துங்கள், கோக்கை 150 டிகிரியில் உலர்த்துங்கள், கடைசிக் குழாயைக் காஸ்டிக் சோடாக் கரைசலுக்குக் கொண்டுபோகும் முன் நடுவில் ஒரு உலர்த்திக் குழாயும் வெற்றுக் குடுவையும் மறக்காமல் வையுங்கள். கரைசல் பின்னோக்கி ஏறினால் டெட்ராகுளோரைடு முழுக்கப் புகையாகிவிடும்.