உதவி: உபுண்டு 18.04 இல் கிளாம்ஏவியை மூலநிரலிலிருந்து கட்ட முடியவில்லை

கம்பஸ்வாசல்:
வணக்கம். யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் பல்கலைக்கழகத்துக்குக் கிட்ட ஒரு போட்டோக்கொப்பிக் கடை நடத்துகிறேன். அசைன்மென்ட், தீசிஸ் என்று பென்டிரைவோடு வருகிறவர்கள்தான் அதிகம். பிரிண்ட் அடிக்கிற விண்டோஸ் மெஷினில் அவற்றை நேராகச் செருகாமல், முதலில் ஒரு பழைய டெஸ்க்டாப்பில் ஸ்கான் பண்ணிவிட்டுக் கொடுக்கலாம் என்று பார்க்கிறேன். அதில் உபுண்டு 18.04 இருக்கிறது. 64 பிட், ராம் 2 ஜிபி. அதற்கு மேல் உள்ள உபுண்டுவுக்கு மாற ஏலாது, கடையில் உள்ள பழைய லேசர் பிரிண்டரின் டிரைவர் இதில் மட்டும்தான் ஓடுகிறது.

உபுண்டுவின் பொதி நிறுவியான ஏபிடியில் கிடைத்தது, கிளாம்ஏவி என்ற வைரஸ் தேடும் மென்பொருளின் 0.103 பதிப்பு. அதன் வைரஸ் பட்டியலைப் புதுப்பிக்கிற ஃப்ரெஷ்கிளாமை ஓடவிட்டால் பதிப்பு பழையது என்று எச்சரித்துவிட்டு, 403 பிழையோடு நின்றுவிடுகிறது. அதனால் 1.4 ஐ மூலநிரலிலிருந்து கட்டப் பார்க்கிறேன். கிட்ஹப்பில் சோர்ஸ் கோட் என்று இருந்த ஸிப்பை இறக்கினேன். கட்டும் வேலையை ஒழுங்குபடுத்துகிற சீமேக் 3.14 ஆவது வேண்டும், உன்னிடம் இருப்பது 3.10.2 என்கிறது. சரி, பைத்தனின் பொதி நிறுவியான பிப் மூலம் புதிய சீமேக் போடலாம் என்றால் எஸ்கேபில்ட் என்ற மாட்யூல் இல்லையாம், ஒரு திரை நீளத்துக்குப் பிழை. எங்கே தொடங்குவது?

கொக்குவில்காரன்:
அந்த நீளமான பிழையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 18.04 உடன் வருகிற பிப் மிகப் பழையது. சீமேக்கின் தயார்நிலைப் பொதியை அதற்கு அடையாளம் தெரியாது. அதனால் சீமேக்கையே மூலநிரலிலிருந்து கட்டப் போய், அதற்குத் தேவையான எஸ்கேபில்ட் இல்லாமல் விழுகிறது. பைத்தன்3 வழியாக, யூசர் என்ற தெரிவோடு, முதலில் பிப்பை மட்டும் அப்கிரேட் பண்ணுங்கள். பிறகு அதே வழியில் சீமேக்கைப் போடுங்கள், கெதியாக முடியும். அது உங்கள் ஹோமுக்குள் டொட் லோக்கல், அதற்குள் பின் என்ற கோப்புறையில் போய் இருக்கும். டெர்மினலை மூடித் திறந்து சீமேக்கின் பதிப்பைக் கேட்டுப் பாருங்கள். இன்னும் 3.10 என்றால் அந்தக் கோப்புறையை பாத்தில் (கட்டளைகளைத் தேடும் இடங்களின் பட்டியலில்) முன்னுக்குச் சேர்க்க வேண்டும்.

அந்த ஸிப்பை விடுங்கள். கிட்ஹப் தானாகச் செய்து தருகிற ஸிப் அது. கிளாம்ஏவி 0.105 இலிருந்து ரஸ்ட் என்ற நிரல்மொழியும் தேவை. ரஸ்டின் துணைப் பொதிகள் எல்லாவற்றையும் உள்ளே அடக்கி அவர்களே வெளியிடுகிற டார் கோப்பு வேறாக இருக்கிறது, பெயரில் கிளாம்ஏவியும் பதிப்பெண்ணும் இருக்கும். அதை எடுத்தால் கட்டும் நேரத்தில் ரஸ்டின் பொதி மேலாளரான கார்கோ இணையத்தைத் தேடி அலையாது. ரஸ்டை ஏபிடியில் எடுக்க வேண்டாம், ரஸ்ட்அப் மூலம் போடுங்கள்.

பருத்தித்துறைமுனை:
டார் கோப்பை எடுக்கும்போது பக்கத்திலேயே இருக்கும் சிக் என்ற கையொப்பக் கோப்பையும் எடுங்கள். கிளாம்ஏவியை வெளியிடுகிற சிஸ்கோ டாலோஸின் பொதுச்சாவியை கிளாம்ஏவி தளத்திலிருந்து எடுத்து, கையொப்பம் சரிபார்க்கிற ஜிபிஜிக்குள் சேர்த்துவிட்டு வெரிஃபை பண்ணுங்கள். வைரஸ் பிடிக்கிற மென்பொருளையே சரிபாராமல் ரூட் அனுமதியோடு நிறுவுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

'குட் சிக்னேச்சர்' என்று வரும். அதற்குக் கீழேயே இந்தச் சாவி நம்பகமான கையொப்பத்தால் உறுதிசெய்யப்படவில்லை என்று ஓர் எச்சரிக்கையும் வரும். பலர் அதைப் பார்த்துவிட்டு கோப்பு கெட்டது என்று விட்டுவிடுகிறார்கள். அந்தச் சாவியை நீங்கள் இன்னும் நம்பிக்கைப் பட்டியலில் சேர்க்கவில்லை என்பதுதான் அதன் பொருள். சாவியின் கைரேகை எண்ணைத் தளத்தில் உள்ளதோடு ஒப்பிடுங்கள், ஒத்திருந்தால் போதும். 'பேட் சிக்னேச்சர்' என்று வந்தால் மட்டும் கோப்பை அழித்துவிட்டு மறுபடி இறக்குங்கள்.

தீவான்:
ஏன் இவ்வளவு மினக்கெட வேண்டும்? கிளாம்ஏவி தளத்திலேயே கட்டத் தேவையில்லாத, தயாரான டெப் பொதியும் தருகிறார்கள். அதைப் போட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் வேறு ஒரு பழைய பெட்டியில் டெபியன் 12 போட்டால் ஏபிடியிலேயே எல்லாம் வரும். பிரிண்டருக்கு ஒரு கணினி, ஸ்கானுக்கு ஒரு கணினி.

கம்பஸ்வாசல்:
தீவான் அண்ணை, இன்னொரு பெட்டிக்குக் கடையில் இடமில்லை. டெப்பை மனதில் வைத்திருக்கிறேன். கடையில் நிற்கிற தம்பி கணினி விஞ்ஞானம் படிக்கிறார், கட்டியே பார்ப்போம் என்று அவருக்கு ஒரே பிடிவாதம்.

பிப், சீமேக், ரஸ்ட் எல்லாம் சரி. கையொப்பமும் சரி, அக்கா சொன்ன அதே எச்சரிக்கை வந்தது. இப்போது சீமேக், ஜேசன்-சி என்ற நூலகம் கிடைக்கவில்லை என்கிறது. ஏபிடியில் பார்த்தால் அது ஏற்கெனவே நிறுவப்பட்டிருக்கிறதே?

கொக்குவில்காரன்:
ஓட்டுவதற்கான நூலகம் இருக்கிறது, கட்டுவதற்கான தலைப்புக் கோப்புகள் இல்லை. பெயரின் கடைசியில் டெவ் என்று முடிகிற பொதிதான் வேண்டும். ஜேசன்-சி, ஓப்பன்எஸ்எஸ்எல், கர்ல், எக்ஸ்எம்எல்2, பிசிஆர்ஈ2, பிஸிப்2, ஸீலிப், என்கர்சஸ் எல்லாவற்றின் டெவ் பொதிகளையும் ஒரே அடியாகப் போடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே இருக்கும்.

மில்டர் மின்னஞ்சல் வழங்கிகளுக்கானது, உங்களுக்கு எதற்கு? எனேபிள் மில்டரை ஓஃப் என்று கொடுங்கள். எனேபிள் டெஸ்ட்ஸையும் ஓஃப் செய்யலாம், செக் என்ற நூலகம் தேவைப்படாது. பில்ட் வகை ரிலீஸ்.

இன்னொன்று, பில்ட் கோப்புறையை முழுதாக அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். முதல் தரம் கிடைக்கவில்லை என்று சீமேக் தன் கேஷில் எழுதி வைத்ததை, நீங்கள் பொதியைப் போட்ட பிறகும் அது விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதுண்டு.

கம்பஸ்வாசல்:
சீமேக் தாண்டியது! ஆனால் கட்டும்போது பாதிக்கு மேல் போய் நிற்கிறது. கடைசி வரியில் 'மேக், எரர் 2' என்று மட்டும் இருக்கிறது. தேடிப் பார்த்தால் ஆயிரம் பதில் வருகிறது, ஒன்றும் பொருந்தவில்லை.

கொக்குவில்காரன்:
எரர் 2 என்பது மேக் கையை விரித்தது என்ற செய்தி மட்டும். காரணம் அதற்கு மேலே இருக்கும். டெர்மினலில் மேலே போய், எரர் என்ற சொல் முதல் முதலாக வருகிற இடத்தை வடிவாகப் பார்த்து, அதற்கு முன்பின் பத்து வரியை இங்கே போடுங்கள்.

கம்பஸ்வாசல்:
மேலே போனால் ரஸ்ட் கொம்பைலர் 'சிக்னல் 9, சிக்கில்' என்று செத்திருக்கிறது. அதே நேரத்தில் சிபிளஸ்பிளஸ் கொம்பைலரும் கில்ட் என்று காட்டுகிறது. மேக்கை -ஜே4 என்று ஓட்டினோம்.

தீவான்:
ராம் முடிந்தது. கேர்னல்தான் கொன்றது. டிமெசேஜில் பார்த்தால் 'அவுட் ஒஃப் மெமரி' என்று எழுதியிருக்கும்.

கொக்குவில்காரன்:
அதேதான். 2 ஜிபியில் நான்கு கொம்பைலரை ஒரே நேரத்தில் விட்டால் வேறு என்ன நடக்கும்? -ஜே1 போடுங்கள், பிரவுசரை மூடுங்கள். ஃப்ரீ என்று அடித்து ஸ்வாப் எவ்வளவு என்று பாருங்கள். குறைவாக இருந்தால் 2 ஜிபியில் இன்னொரு ஸ்வாப் கோப்பு செய்யுங்கள். ஃபலோகேட்டால் கோப்பை உருவாக்கி, அனுமதியை 600 ஆக்கி, எம்கேஸ்வாப், ஸ்வாப்ஆன். அந்த 600 ஐ விட வேண்டாம். ஸ்வாப்பில் நினைவகத்தில் உள்ளது எல்லாம் போய் விழும், மற்றப் பயனர்கள் வாசிக்கக்கூடாது.

மெதுவாகத்தான் போகும். இடையில் கரண்ட் போனாலும் கவலை இல்லை, பில்ட் கோப்புறையை அழிக்காமல் மறுபடி மேக் அடித்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். கரண்ட் போன நேரத்தில் பாதி எழுதப்பட்ட ஒரு கோப்பு சில வேளை மக்கர் பண்ணும், அந்த ஒன்றை மட்டும் அழித்தால் சரி.

கம்பஸ்வாசல்:
முடிந்தது. நிறுவியும் ஆயிற்று. ஆனால் கிளாம்ஸ்கானின் பதிப்பைக் கேட்டால் இன்னமும் 0.103 என்கிறது. முழுப் பாதையோடு யூஎஸ்ஆர் லோக்கல் பின்னிலிருந்து ஓட்டினால் லிப்கிளாம்ஏவியைத் திறக்க முடியவில்லை என்கிறது.

பருத்தித்துறைமுனை:
இரண்டும் வேறு வேறு சிக்கல். பழையதை ஏபிடியால் முற்றாக அகற்றுங்கள். கிளாம்ஏவி, ஃப்ரெஷ்கிளாம், பின்னணியில் ஓடுகிற டீமன் மூன்றையும். இல்லாவிட்டால் பழைய ஃப்ரெஷ்கிளாம் சேவை பின்னால் ஓடிக்கொண்டு குழப்பும். பிறகு சுடோவோடு எல்டிகன்ஃபிக். புதிய நூலகம் யூஎஸ்ஆர் லோக்கல் லிப்பில் விழுந்திருப்பதை லோடருக்கு அதுதான் சொல்லும். டெர்மினலையும் ஒருமுறை மூடித் திறவுங்கள், பாஷ் பழைய பாதையை ஞாபகம் வைத்திருக்கும்.

அடுத்து ஃப்ரெஷ்கிளாமில் நிற்பீர்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன். யூஎஸ்ஆர் லோக்கல் ஈடிசியில் மாதிரி அமைப்புக் கோப்பு ஒன்று இருக்கும். அதைப் பிரதி எடுத்து, பெயரின் கடைசியில் உள்ள சாம்பிளை நீக்குங்கள். உள்ளே 'எக்ஸாம்பிள்' என்று தனியாக ஒரு வரி இருக்கும், முன்னால் ஒரு ஹாஷ் போடுங்கள். அந்த வரி இருக்கும்வரை அது ஓடாது. ஒருவரும் வாசிக்காமல் ஓடவிடக்கூடாது என்றே வைத்திருக்கிறார்கள். பிறகு கிளாம்ஏவி என்ற பெயரில் ஒரு பயனர் இருக்க வேண்டும், யூஎஸ்ஆர் லோக்கல் ஷேரில் உள்ள கிளாம்ஏவி கோப்புறை அந்தப் பயனருக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எழுத முடியவில்லை என்று புலம்பும்.

கம்பஸ்வாசல்:
அக்கா, நீங்கள் சொன்ன ஒழுங்கிலேயே எல்லாம் வந்தது. மெயின், டெய்லி, பைட்கோட் என்ற மூன்று பட்டியல்களும் இறங்கிவிட்டன. ஐகார் என்ற தீங்கில்லாத சோதனைக் கோப்பை வைத்துப் பார்த்தோம், பிடித்தது. தம்பி துள்ளுகிறார்.

ஆனால் ஒரேயொரு பென்டிரைவை ஸ்கான் பண்ணுவதற்கு முன்பே கணினி உறைந்துபோய் நிற்கிறது. வாசலில் ஆட்கள் வரிசையில் நிற்கும்போது இது சரிவராது.

தீவான்:
நான் பயந்தது இதற்குத்தான். கட்டுவது சின்ன வேலை. கிளாம்ஸ்கான் ஒவ்வொரு தரமும் வைரஸ்களை அடையாளம் காணும் கையொப்பப் பட்டியல் முழுவதையும் ராமில் ஏற்றும், அதற்கே 1 ஜிபிக்கு மேல் வேண்டும். அவர்களுடைய ஆவணம் 3 ஜிபிக்கு மேல் ராம் கேட்கிறது. உங்கள் 2 ஜிபியில் பாதி ஸ்வாப்பில்தான் ஓடுகிறது. டவுனில் பாவித்த ராம் ஒன்று வாங்கிப் போட்டு 4 ஜிபி ஆக்குங்கள். இதற்கு மென்பொருளில் வழி இல்லை.

கொக்குவில்காரன்:
தீவான் சொல்வது சரி, ராம் போடத்தான் வேண்டும். போட்ட பிறகு கிளாம்ஸ்கானை விட்டுவிட்டு, பின்னணியில் ஓடுகிற டீமனான கிளாம்டியை ஓடவிடுங்கள். பட்டியலைக் காலையில் ஒருமுறை ஏற்றி வைத்திருக்கும். கிளாம்டிஸ்கான் அதனிடம் கேட்டுச் சொல்லும், பென்டிரைவ் ஒன்றுக்கு ஏற்றும் நேரம் மிச்சம். கிளாம்டியின் அமைப்புக் கோப்பில் கன்கரண்ட் டேட்டாபேஸ் ரீலோடை நோ என்று போடுங்கள். இல்லாவிட்டால் பட்டியல் புதுப்பிக்கும் நேரத்தில் பழையதும் புதியதும் சேர்ந்து இரண்டு மடங்கு ராம் தின்னும்.

டேட்டா விஷயம்: ஃப்ரெஷ்கிளாமின் இயல்பு நாளுக்கு 12 தரம் பார்ப்பது. டொங்கிளில் ஓடுகிற கடைக்கு அது தேவையில்லை. இரவு டேட்டா நேரத்தில் ஒருமுறை ஓடும்படி, நேரம் குறித்து வேலை ஓட்டுகிற கிரோனில் போட்டால் போதும். முதல் இறக்கம்தான் பெரியது, பிறகு மாற்றங்கள் மட்டும் வரும். பட்டியலை அடிக்கடி அழித்துவிட்டு முழுதாக இறக்க வேண்டாம், அவர்கள் சில மணி நேரத்துக்கு உங்களைத் தடுத்து வைப்பார்கள்.

கம்பஸ்வாசல்:
4 ஜிபி போட்டாயிற்று. கிளாம்டி ஓடுகிறது. இப்போது வாசலில் யாரும் முறைக்கவில்லை. நன்றி எல்லோருக்கும்.

கடைசியாக ஒன்று. இன்று வந்த பென்டிரைவில் ஷோர்ட்கட்கள் எல்லாம் பிடிபட்டன. ஆனால் பிள்ளையின் தீசிஸைக் காணவில்லை. பெயரே இல்லாத ஒரு கோப்புறை மட்டும் நிற்கிறது. அழித்துவிடலாமா?

பருத்தித்துறைமுனை:
ஐயோ, தொட வேண்டாம்! தீசிஸ் அதற்குள்தான் இருக்கும். இந்த வகை வைரஸ் கோப்புகளை எல்லாம் ஒரு கோப்புறைக்குள் தள்ளி, கண்ணுக்குத் தெரியாத இடைவெளி எழுத்து ஒன்றை அதற்குப் பெயராக வைத்து மறைக்கும். வெளியில் ஷோர்ட்கட் மட்டும் தெரியும். விண்டோஸில் அந்தக் கோப்புறையே தெரியாது, லினக்ஸில் தெரிகிறது. திறந்து உள்ளே இருக்கிறதை வெளியே எடுத்து, மறுபடி ஸ்கான் பண்ணிவிட்டுக் கொடுங்கள்.

ஸ்கானில், பிடிபட்ட கோப்பை அழிக்கிற ரிமூவ் தெரிவைப் பாவிக்க வேண்டாம் என்பதும் இதனால்தான். மூவ் கொடுத்துத் தனிக் கோப்புறைக்கு நகர்த்துங்கள். மேக்ரோ உள்ள வேர்ட் கோப்பைச் சில நேரம் தவறாகவும் பிடிக்கும், அதுவே ஒருவரின் கடைசிப் பிரதியாக இருந்தால் உங்களைத்தான் கேட்பார்கள்.

கம்பஸ்வாசல்:
இருந்தது அக்கா, எல்லா அத்தியாயமும் அப்படியே இருந்தன. பிள்ளைக்கு ஸ்பைரல் பைண்டிங்கும் போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டேன். தம்பியிடம் ரிமூவை மூவாக மாற்றச் சொல்லியிருக்கிறேன்.