டிரிபிள் கிரௌன் வாங்கியவரை விட டிரௌட் பெரிய ஆளா? 2012 எம்விபி பற்றி ஒரு கேள்வி

ஒன்பதாவது_இன்னிங்ஸ்:

நான் பேஸ்பால் பார்க்க ஆரம்பித்து நாலு சீசன்தான் ஆகிறது, அதனால் 2012 பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பழைய ஸ்கோர்களைப் புரட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான். அந்த வருஷம் டெட்ராய்ட் டைகர்ஸின் மிகேல் கப்ரேரா .330 சராசரி, 44 ஹோம் ரன், 139 ஆர்பிஐ (அவர் அடித்ததால் டீமுக்கு வந்த ரன்கள்). மூன்றிலும் அமெரிக்கன் லீக்கில் முதலிடம். 1967-இல் கார்ல் யாஸ்ட்ரெம்ஸ்கி வாங்கியதற்கு அப்புறம் 45 வருஷம் யார் கைக்கும் போகாத டிரிபிள் கிரௌன் அது. டீமும் வேர்ல்ட் சீரிஸ் வரை போனது. எம்விபி, அதாவது லீக்கின் மிக மதிப்புமிக்க வீரர் விருதுக்கான ஓட்டிலும் 28 முதலிட ஓட்டில் 22 அவருக்குத்தான்.

இதில் சண்டை போட என்ன இருக்கிறது என்று நினைத்தேன். ஆனால் இன்றைக்கும் யாரிடம் பேச்செடுத்தாலும் பாதிப் பேர் அது ஏஞ்சல்ஸின் மைக் டிரௌட்டுக்குப் போயிருக்க வேண்டும் என்கிறார்கள். டிரௌட் .326, 30 ஹோம் ரன், 83 ஆர்பிஐ. ஏஞ்சல்ஸ் பிளேஆஃபுக்கே (சீசன் முடிந்து முன்னணி டீம்கள் மோதும் சுற்றுக்கே) போகவில்லை. கேட்டால் வார் (ஒரு சாதாரண மாற்று ஆட்டக்காரரை விட இவரால் டீமுக்கு எத்தனை வெற்றி கூடுதல் என்ற எண்) கணக்கைக் காட்டுகிறார்கள், டிரௌட்டுக்கு 10-க்கு மேல், கப்ரேராவுக்கு 7 சொச்சம் என்று. பேட்டில் பின்தங்கிய ஒருவருக்கு அந்த மூன்று வெற்றி எங்கிருந்து வந்தது? சூத்திரம் வேண்டாம், கண்ணுக்குத் தெரிகிற மாதிரி யாராவது விளக்குங்கள்.

சென்டர்_ஃபீல்ட்:

முதலில் ‘பேட்டில் பின்தங்கிய’ என்பதைப் பார்ப்போம். ஆன்-பேஸ் விகிதம் டிரௌட்டுக்கு .399, கப்ரேராவுக்கு .393. அதாவது அவுட் ஆகாமல் பேஸுக்குப் போவதில் டிரௌட் ஒரு முடி முன்னே. அடியின் வலுவைக் காட்டும் ஸ்லக்கிங்கில் கப்ரேரா .606, டிரௌட் .564, அங்கே கப்ரேரா தெளிவாக முன்னே. ஏஞ்சல்ஸ் மைதானத்தில் ரன் எடுப்பது கஷ்டம் என்பதையும் கணக்கில் எடுத்தால் பேட்டிங்கில் மட்டும் இரண்டு பேரும் கிட்டத்தட்ட சமம்.

ஆர்பிஐ வித்தியாசம் பெரிதாகத் தெரிகிறது, ஆனால் அது பேட்டிங் வரிசை கொடுத்தது. டிரௌட் முதல் ஆளாக இறங்குகிறவர். ஆட்டத்தின் முதல் பந்தில் பேஸில் யாரும் இருக்கமாட்டார்கள், அதற்கப்புறமும் அவருக்கு முன்னால் ஆடுவது வரிசையின் கடைசியில் இருக்கும் பலவீனமான இரண்டு பேர். கப்ரேராவுக்கு முன்னால் ஆஸ்டின் ஜாக்சன் அந்த வருஷம் .377 ஆன்-பேஸில் நின்றுகொண்டிருந்தார். ஆள் நின்றால்தானே உள்ளே கொண்டுவர முடியும்?

இனி ஓட்டத்துக்கு வாருங்கள். டிரௌட் 49 பேஸ் திருடினார் (யாரும் பந்தை அடிக்காமலேயே அடுத்த பேஸுக்கு ஓடிப்போவது), மாட்டிக்கொண்டது 5 தடவைதான். கப்ரேரா திருடியது 4. டபுள் பிளேயில் கப்ரேரா 28 தடவை சிக்கினார், லீக்கிலேயே அதிகம். டிரௌட் 7. ஒரே அடியில் இரண்டு அவுட் போவது எவ்வளவு பெரிய நஷ்டம் என்று ஆட்டம் பார்க்கிற யாருக்கும் தெரியும், ஆனால் சராசரி, ஹோம் ரன், ஆர்பிஐ மூன்றிலும் அதற்கு இடமே இல்லை.

மிச்சம் ஃபீல்டிங். ஜூன் 27, பால்டிமோர், முதல் இன்னிங்ஸ். ஜே.ஜே. ஹார்டி சென்டர் பக்கம் அடித்த பந்து வேலியைத் தாண்டித்தான் போகிறது. டிரௌட் பின்னோக்கி ஓடிப்போய் அப்படியே எம்பி, இடுப்பு வரை சுவருக்கு மேலே தெரிகிற உயரத்தில் கையை நீட்டிப் பிடித்தார். இருபது வயதுப் பையன். அந்த வீடியோவை இன்று பார்த்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். ஒரு ஹோம் ரன் அடிப்பதும் ஒரு ஹோம் ரனைத் தடுப்பதும் ஸ்கோர்போர்டில் ஒரே வித்தியாசம்தான். வார் இதையெல்லாம் ரன்னாக மாற்றி ஒரே இடத்தில் கூட்டுகிறது, சுமார் 10 ரன்னுக்கு ஒரு வெற்றி என்பது அதன் அடிப்படை. அந்த மூன்று வெற்றி வந்தது பேட்டிங்கில் இருந்தல்ல, காலில் இருந்தும் கிளவுஸில் இருந்தும்தான்.

டைகர்ஸ்_வீடு:

நான் அந்த செப்டம்பரில் டெட்ராய்ட் பக்கம்தான் இருந்தேன், அதனால் என் பதிலில் பாசம் இருக்கும், அதைச் சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன்.

செப்டம்பர் நடுவில் எங்கள் பிரிவில் ஒயிட் சாக்ஸ் முன்னால் இருந்தது. ஒவ்வொரு ராத்திரியும் இரண்டு ஸ்கோரையும் பார்த்துவிட்டுத்தான் தூங்குவோம். அந்த நெருக்கடியில் கப்ரேரா பேட்டோடு வந்து நின்றால் வீட்டில் யாரும் எழுந்து போகமாட்டார்கள். வெளியே போகிற பந்தையும் இடது பக்கம் இழுக்காமல் அப்படியே வலது பக்கம் தள்ளி, சுவருக்கு மேலே அனுப்புவார். கொமெரிகா பார்க்கில் சென்டர் ஃபீல்ட் சுவர் அப்போது 420 அடி தூரம், மற்ற மைதானத்தில் ஹோம் ரன் ஆகிற எத்தனையோ பந்து அங்கே கேட்சாகப் போகும். அந்த மைதானத்தை வீடாக வைத்துக்கொண்டு 44 அடித்தார்.

ஃபீல்டிங் கணக்கில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. பிரின்ஸ் ஃபீல்டர் டீமுக்கு வந்ததும் அவருக்காக முதல் பேஸை விட்டுக்கொடுத்து, நாலு வருஷமாகத் தொடர்ந்து ஆடாத மூன்றாம் பேஸுக்கு மறுபேச்சில்லாமல் போனவர் கப்ரேரா. பேட்டிங் வரிசையில் கப்ரேராவுக்குப் பின்னால் பிரின்ஸ் ஃபீல்டர் நிற்க முடிந்ததே அதனால்தான். அங்கே அவர் சுமாராக ஆடினார் என்று கழிக்கிறீர்கள் சரி, அவர் போனதால் டீமுக்கு வந்த லாபத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்? தவிர, ஒரே ஒரு சீசன் ஃபீல்டிங் எண்ணை அவ்வளவு நம்பவும் கூடாது, அந்தக் கணக்கைப் போடுகிறவர்களே அப்படித்தான் சொல்கிறார்கள். ஆட்டமும் பாருங்கள், கப்ரேரா 161, டிரௌட் 139.

கடைசி நாள் கான்சஸ் சிட்டியில், நாலாவது இன்னிங்ஸில் அவரை வெளியே கூப்பிட்டபோது எதிர் டீம் ரசிகர்கள் மொத்தப் பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவர் ஃபீல்டிங்கில் நின்றுகொண்டிருந்த நேரம் அது.

புல்பென்_வாசி:

பிளேஆஃப் வாதத்தை மட்டும் நான் ஏற்கமாட்டேன். ஏஞ்சல்ஸ் ஜெயித்தது 89, டைகர்ஸ் ஜெயித்தது 88. ஏஞ்சல்ஸ் இருந்த பிரிவில் ஓக்லாந்து 94, டெக்சஸ் 93. டிரௌட் டெட்ராய்ட் இருக்கும் பிரிவில் ஆடியிருந்தால் அவரும் ‘டீமை பிளேஆஃபுக்குக் கொண்டுபோனவர்’. ஏப்ரல் 28 அன்று அவரை மைனர் லீக்கில் இருந்து அழைத்தபோது ஏஞ்சல்ஸ் 6 வெற்றி, 14 தோல்வி. அதற்குப் பிறகு 83-59. இதற்கு மேல் ஒருவர் டீமுக்கு என்ன செய்ய வேண்டும்?

டீம் வெற்றியை வைத்து ஆளை அளப்பதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் அதே வருஷத்து பால்டிமோர். எடுத்தது 712 ரன், கொடுத்தது 705. வெறும் 7 ரன் அதிகம், கணக்குப்படி 82 வெற்றி வர வேண்டும். ஜெயித்தது 93. ஒரு ரன் வித்தியாச ஆட்டங்களில் 29-9! அந்தப் பதினோரு வெற்றியை எந்த பேட்டரின் பெயரில் எழுதுவது?

ஒன்பதாவது_இன்னிங்ஸ்:

எல்லோருக்கும் நன்றி, நிறையப் புரிந்தது. நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு லீக் பட்டியலைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். ஹோம் ரனில் கப்ரேரா 44, யாங்கீஸின் கர்டிஸ் கிராண்டர்சனும் டெக்சஸின் ஜாஷ் ஹாமில்டனும் ஆளுக்கு 43. கிராண்டர்சன் கடைசி நாளில் இரண்டு அடித்திருக்கிறார். அன்றைக்கு அவர் நாலு அடித்திருந்தால் டிரிபிள் கிரௌனே கிடையாது, ஆனால் கப்ரேரா டைகர்ஸுக்குச் செய்ததில் ஒரு ரன் கூடக் குறைந்திருக்காது. இதுதான் என்னை யோசிக்க வைத்தது. அப்படியானால் அந்தப் பட்டத்துக்காக ஓட்டுப் போட்டவர்கள் பாதி கிராண்டர்சனின் பேட்டைப் பார்த்துத்தானே போட்டார்கள்?

சென்டர்_ஃபீல்ட்:

அதேதான். டெட் வில்லியம்ஸ் 1942-லும் 1947-லும் டிரிபிள் கிரௌன் வாங்கினார், இரண்டு வருஷமும் எம்விபி வேறு ஆளுக்குப் போனது. 47-இல் ஜோ டிமாஜியோவிடம் ஒரே ஒரு புள்ளியில் தோற்றார். பட்டம் இருந்தால் விருது தானாக வரும் என்று அந்தக் காலத்திலும் இல்லை.

டைகர்ஸ்_வீடு:

கிராண்டர்சன் கணக்கு நியாயமானது, அதை நான் இதுவரை யோசித்ததில்லை. டபுள் பிளே 28 என்பதற்கும் என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் இன்றைக்கு என் கையில் சீட்டைக் கொடுத்தால் கப்ரேரா பெயரைத்தான் முதலில் எழுதுவேன், மூன்றாம் பேஸுக்காகவும் அந்த செப்டம்பருக்காகவும். டிரிபிள் கிரௌனுக்காக இல்லை.