பெங்களூருக்குள் வண்டி ஓட்டிய நம் மாவட்டத்துக்காரர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தருமபுரியிலிருந்து:

என் தங்கைக்குப் பொம்மனஹள்ளியில் வேலை கிடைத்திருக்கிறது. அடிக்கடி காரில் கொண்டுபோய் விட வேண்டியிருக்கும். தொப்பூர் கணவாயில் ஓட்டிப் பழகிய கைதான், இறக்கமும் வளைவும் பயமில்லை. அத்திப்பள்ளி தாண்டியதும் நாலு பக்கமும் வண்டி நுழைகிறதே, அதுதான் கவலை. வழி கேட்டால் அவர்கள் சொல்லும் ஊர்ப் பெயரும் சட்டென்று பிடிபடுவதில்லை. தினமும் போய் வருகிறவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ராயக்கோட்டையிலிருந்து:

கே.ஆர். மார்க்கெட்டுக்குப் பூ ஏற்றிப் போகிறவன் நான், பொலீரோ பிக்கப். ராத்திரியே கிளம்பி விடிவதற்குள் இறக்கிவிடுவோம். திரும்பும்போதுதான் காலை நெரிசலில் மாட்டுவோம்.

முதலில் காதைப் பழக்குங்கள். நாம் 'ஓசூர் ரோடு' என்றால் அங்கே சிலருக்கு 'ஹொச ரோடு' என்று விழுகிறது. ஹொச ரோடு என்பது வேறு. எலக்ட்ரானிக் சிட்டிக்கும் சிங்கசந்திராவுக்கும் நடுவில் பிரிந்து சர்ஜாபுரம் ரோட்டுக்குப் போவது. எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் மடிவாளா போக வேண்டியவன், சர்ஜாபுரம் ரோட்டில் நின்று ஓசூர் ரோட்டுக்கு வழி கேட்டிருக்கிறான். கடைக்காரர் நல்ல மனதோடுதான் ஹொச ரோட்டைக் காட்டினார். அதுவும் கடைசியில் ஓசூர் ரோட்டில்தான் போய்ச் சேரும், ஆனால் மடிவாளாவை விட்டு எவ்வளவோ தூரம் தள்ளி. காலை நேரத்தில் அந்த ரோட்டில் வண்டி நகரவும் நகராது. 'ஹொசூரு' என்று ஹ-வை அழுத்தி, கடைசியில் ரு சேர்த்துச் சொல்லுங்கள், குழப்பமே வராது.

அதைவிடக் கவனிக்க வேண்டியது 'இல்லே'. வண்டியை ஓரம் கட்டும்போது வாட்ச்மேன் கையை ஆட்டி 'இல்லே, இல்லே' என்பார். கூடாது என்கிறாரென்று நினைத்து நம் ஆட்கள் வண்டியை எடுத்துவிடுகிறார்கள். அவர் சொல்வது 'இங்கேயேதான் நிறுத்து' என்று! அவர் சொன்ன இடத்தை விட்டு நாம் கிளம்பினால் அவருக்குக் கோபம், ஏன் கத்துகிறார் என்று நமக்குக் கோபம். இதே போல 'எடகடெ' என்றால் இடப்பக்கம், 'பலகடெ' வலப்பக்கம், 'ஹிந்தெ' பின்னால். இவ்வளவு காதில் பிடிபட்டால் போதும், பாதி வழி தெரிந்த மாதிரி.

அப்புறம் ஓட்டும் விதம். நம் பக்கம் பைபாஸில் வலக் கண்ணாடியைப் பார்த்தே பழகியிருப்போம். அங்கே இடக் கண்ணாடிதான் உயிர். பைக்கும் ஆட்டோவும் இடப்பக்கச் சந்தில்தான் வரும். சிக்னல் பக்கத்தில் பைக் நடைபாதையிலேயே ஏறி வந்து நமக்கு முன்னால் இறங்கும். இண்டிகேட்டர் போட்டதும் இடப்பக்கம் ஒடிக்கவே கூடாது. போட்டுவிட்டு மெதுவாக ஒதுங்கி, இடக் கண்ணாடியில் பின்னால் வருகிறவரைப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். கிளீனர் இல்லாமல் தனியாக ஓட்டும் எனக்கு அந்த ஊரில் வண்டியில் ஒரு கீறல் விழாததற்கு இதுதான் காரணம் என்பேன்.

தேன்கனிக்கோட்டையிலிருந்து:

எங்கள் பக்கம் பல வீடுகளில் கன்னடமும் தெலுங்கும் பேசுவார்கள், அதனால் காது பழகியதுதான். நீங்கள் 'மாரண்டஅள்ளி' என்று சொல்லிப் பழகிய அந்த அள்ளி அங்கே 'ஹள்ளி'. பொம்மனஹள்ளி, மாரத்தஹள்ளி எல்லாவற்றிலும் ஹ கேட்க வேண்டும். 'மார்த்தள்ளி' என்று நாம் விழுங்கினால் ஆட்டோக்காரர் மறுபடி கேட்பார். ஆட்டோ ஓட்டுகிறவர்களில் தமிழ் தெரிந்தவர்கள் நிறையப் பேர். இருந்தாலும் முதல் வார்த்தை கன்னடத்தில் வந்தால் முகமே மாறிவிடுகிறது.

ஓசூரிலிருந்து:

நான் சொல்வது கொஞ்சம் வேறு. தங்கையை விடத்தான் என்றால் காரை ஊருக்குள் கொண்டுபோகவே வேண்டாம் அண்ணா. 2025 ஆகஸ்டில் மஞ்சள் வழி மெட்ரோ வந்துவிட்டது. பொம்மசந்திராவில் ஏறினால் பொம்மனஹள்ளியிலேயே இறங்கலாம். நான் அதில்தான் ஆபீஸ் போகிறேன். ஒவ்வொரு ஸ்டேஷன் பெயரையும் கன்னடத்தில் தெளிவாக அறிவிப்பார்கள்: ஹெப்பகோடி, பெரட்டென அக்ரஹார, ஹொச ரோடு, கூட்லு கேட், ஹொங்கசந்த்ரா. இரண்டு மூன்று தடவை கேட்டால் ஓசூர் ரோட்டின் பெயர்கள் எல்லாம் சரியான உச்சரிப்போடு மனதில் பதிந்துவிடும்.

சாமான் இருக்கிறது, கார்தான் என்றால் ஒன்று மட்டும். 2010-இல் திறந்த எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் சுமார் 10 கிலோமீட்டர். சிங்கசந்திரா, கூட்லு கேட் போகிறவர்கள் அதில் ஏறாமல் கீழ் ரோட்டிலேயே போவது நல்லது. சந்திப்புகளில் கேமரா இருக்கிறது, சிக்னலில் வெள்ளைக் கோட்டைத் தாண்டி நிற்காதீர்கள்.

பென்னாகரத்திலிருந்து:

எல்லோரும் அங்கே போவதைப் பற்றியே சொல்கிறீர்கள். சனி, ஞாயிறில் அவர்கள் இங்கே வருகிறார்கள். ஒகேனக்கல் மலை ரோட்டில் கே.ஏ. எண் கார்கள் வரிசையாக இறங்கும். ஊருக்குள் சந்தில் நுழைந்த பழக்கத்தில் வளைவிலும் முந்தப் பார்க்கிறார்கள். ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி என்பது சட்டம். ஏற்றத்தில் நின்றுபோன பஸ்ஸை மறுபடி எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று அதை ஓட்டுகிற டிரைவரைக் கேளுங்கள். போன மாதம் ஒரு வளைவில் இரண்டு கார்கள் பஸ்ஸுக்கு எதிரே வந்து நின்றுவிட்டன. டிரைவர் இறங்கிப் போய் "ஸ்வல்ப ஹிந்தெ ஹோகி சார்" என்றார், அதாவது கொஞ்சம் பின்னால் போங்கள் சார் என்று. ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு பேரும் ரிவர்ஸ் எடுத்தார்கள். இந்த ரோட்டில் ஓட்டும் எல்லோருமே அந்த ஒரு வரியைக் கற்றுக்கொள்ளுங்கள்.